'மூணு தடவைதான் மயங்கினேன்' என்கிறார் கணவர்

கேள்வி:

டாக்டர், என் கணவருக்கு வயது 43. பள்ளிக் காலத்திலிருந்து 19 வருடங்கள் ரக்பி ஆடியவர். கிளப் அணியில் முன்வரிசை ஆட்டக்காரர். இப்போது ஆடுவதில்லை, வாரக் கடைசியில் பையன்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார். இரண்டு வருடமாக ஆள் மாறிவிட்டார். கேட்டதையே திரும்பக் கேட்கிறார். அடுப்பை அணைக்க மறக்கிறார். ஒன்றுமில்லாத விஷயத்துக்குக் கத்துகிறார், அரை மணி நேரம் கழித்து அழுகிறார். தினமும் தலைவலி மாத்திரை. ராத்திரி பலமான குறட்டை. நடுவில் எழுந்து உட்கார்ந்து, சி.டி.இ. என்ற நோயைப் பற்றிப் போனில் படித்துக்கொண்டே இருக்கிறார். எம்.ஆர்.ஐ. எடுத்தோம். 'நார்மல்' என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். "ஆடின காலத்துல மூணு தடவைதான் மயங்கினேன், அதுக்கா இப்படி?" என்கிறார்.

இது அந்த நோய்தானா? கண்டுபிடிக்க வேறு ஸ்கேன் ஏதும் உண்டா? எங்கள் 13 வயது மகனும் ரக்பி ஆடுகிறான். போன மாதம் தலையில் அடிபட்டு, நாலாம் நாளே திரும்ப ஆடப் போனான். அவனை நிறுத்திவிடலாமா? டாக்டரிடம் வரவே மாட்டேன் என்கிறார் இவர். போன வாரம், "நான் செத்தா என் மூளையை ஆராய்ச்சிக்குக் கொடுத்துடு" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் மூன்று கேள்விகளையும் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கும் வரியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அவர் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கலாம். நீங்கள் அதைச் சிரிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தூக்கம் கெட்டு, மனம் சோர்ந்து, தனக்குத் தீராத நோய் வந்துவிட்டது என்று ராத்திரியெல்லாம் படித்துக்கொண்டிருக்கும் ஒருவர் தன் சாவைப் பற்றிப் பேசினால், "செத்துப்போயிடலாம்னு தோணுதா?" என்று நேராகவே கேட்டுவிடுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஒருவராவது கேட்டார்களே என்ற ஆறுதல்தான் பலருக்கு வரும். "ஆமாம்" என்றாலோ, பதில் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாலோ, அன்றைக்கே மனநல மருத்துவரிடம் அல்லது அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். அதுவரை தனியாக விடாதீர்கள். வீட்டிலுள்ள மாத்திரைகளை இன்றே உங்கள் பொறுப்பில் எடுத்து வையுங்கள். மூளையைத் தானம் செய்ய நினைப்பது நல்ல காரியம்தான். 43 வயதில், ஒரு மருத்துவரைக்கூடப் பார்க்காமல், அவர் அந்த இடத்துக்கு வந்து நிற்கிறாரே, அதுதான் என்னை உறுத்துகிறது.

இனி அந்த 'மூணு தடவை' கணக்கு.

ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் இப்படித்தான் சொல்வார்கள். மயங்கி விழுந்ததை மட்டுமே எண்ணுவார்கள். ஆனால் கன்கஷன் எனப்படும் மூளை அதிர்வில் பத்தில் ஒருவருக்குக்கூட நினைவு தப்புவதில்லை. கண்ணில் பொறி பறந்தது, பொறி கலங்கி எந்தப் பக்கம் ஓடுவதென்று ஒரு நிமிடம் புரியவில்லை, ஆட்டம் முடிந்த பிறகு இரண்டாம் பாதி ஞாபகமே இல்லை, அன்றிரவு விளக்கு வெளிச்சம் கூசியது, இரண்டு நாள் குமட்டல் இருந்தது என்றால் அதுவும் மூளை அதிர்வுதான். "எத்தனை தடவை மயங்கினீங்க?" என்பதை விட்டுவிட்டு, "எத்தனை தடவை பொறி கலங்கிச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். மூன்று என்ற எண் நிற்காது.

மூளை மண்டை ஓட்டுக்குள் ஒரு திரவத்தில் மிதக்கிறது. ஓடுகிற பேருந்து சட்டென்று நின்றால் உள்ளே நிற்பவர் முன்னால் சாய்கிறார் அல்லவா, அப்படித் தலை நின்ற பிறகும் மூளை நகர்ந்துகொண்டிருக்கும். நேர்கோட்டில் படும் அடியைவிடத் தலையைத் திருகிச் சுழற்றும் அடி மோசமானது. அதில்தான் நீளமான நரம்பிழைகள் இழுபடுகின்றன. இழுபட்ட செல்களிலிருந்து பொட்டாசியம் வெளியேறும், கால்சியம் உள்ளே புகும். அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர மூளைக்கு ஏராளமான சக்தி வேண்டும். அந்த நேரம் பார்த்து இரத்த ஓட்டம் குறைந்திருக்கும். இந்தத் தட்டுப்பாடு சில நாளில் தீரலாம், சில வாரமும் ஆகலாம். எலும்பு உடையவில்லை, இரத்தம் கசியவில்லை என்பதால் வழக்கமான ஸ்கேனில் ஒன்றும் தெரியாது. தலைக்கவசம் மண்டை ஓடு பிளப்பதைத் தடுக்கும், உள்ளே மூளை திருகுவதைத் தடுக்காது. ரக்பி ஆட்டக்காரர்கள் போடும் மெத்தைத் தொப்பி காதையும் தோலையும்தான் காப்பாற்றும். அதைப் போட்டுக்கொண்டால் கூடுதல் தைரியத்தோடு தலையைக் கொடுத்து மோதுகிறார்கள் என்பது என் மனக்குறை.

இதைவிடப் பெரிய விஷயம், பொறிகூடக் கலங்காத அடிகள். இரு அணியின் முன்வரிசைகளும் தோள் கோத்து முட்டும் ஸ்க்ரம்மிலும், எதிராளியைப் பிடித்து வீழ்த்தும் டாக்கிளில் அவர் இடுப்பில் தலை இடிக்கும்போதும் எந்த அறிகுறியும் இருக்காது, எழுந்து ஓடிவிடுவார்கள். ஒரு பருவத்தில் இப்படி நூற்றுக்கணக்கில் விழும். அமெரிக்கக் கால்பந்து ஆடிய 631 பேரின் மூளைகளை ஆராய்ந்த பாஸ்டன் பல்கலைக்கழகக் குழு 2023-ல் வெளியிட்ட முடிவு இங்கே முக்கியம். பின்னாளில் சி.டி.இ. வந்ததா, எவ்வளவு தீவிரமாக வந்தது என்பதற்கும், பதிவான மூளை அதிர்வுகளின் எண்ணிக்கைக்கும் பெரிய தொடர்பு இல்லை. ஆடிய காலம் முழுக்கத் தலை வாங்கிய மொத்த விசையோடுதான் அது பொருந்தியது. ஆகவே உங்கள் கணவரைப் பார்க்கும் மருத்துவரிடம் 'மூன்று முறை' என்று சொல்லாதீர்கள். '19 வருடம், முன்வரிசை' என்று சொல்லுங்கள். எங்களுக்கு அதுதான் தகவல்.

முதல் கேள்விக்கு வருகிறேன். அவர் போனில் படிப்பது க்ரானிக் ட்ராமாட்டிக் என்செஃபலோபதி என்ற நோயைப் பற்றி. சுருக்கமாக சி.டி.இ. தலையில் திரும்பத் திரும்ப அடிபட்டவர்களுக்குப் பின்னாளில் வரும் மூளைச் சிதைவு நோய். இது புதிதாகக் கண்டுபிடித்த நோய் அல்ல. குத்துச்சண்டைக்காரர்கள் சிலர் வயதானதும் தள்ளாடி நடப்பதையும் பேச்சு குழறுவதையும் ஹாரிசன் மார்ட்லண்ட் என்ற அமெரிக்க நோயியல் மருத்துவர் 1928-லேயே எழுதிவைத்தார். குத்துச்சண்டைக்காரர்களின் பிரச்சினை என்று அதை ஓரமாக வைத்துவிட்டார்கள். 2002-ல் மைக் வெப்ஸ்டர் என்ற அமெரிக்கக் கால்பந்து வீரர் 50 வயதில் இறந்தார். அவர் மூளையைப் பரிசோதித்த பென்னட் ஒமாலு 2005-ல் வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகுதான் மற்ற ஆட்டங்களின் பக்கம் பார்வை திரும்பியது. அதே 2002-ல் இறந்த இங்கிலாந்துக் கால்பந்து வீரர் ஜெஃப் ஆஸ்ல், பந்தைத் தலையால் முட்டுவதில் பேர்போனவர். அல்சைமர் என்று கருதியிருந்த அவருடைய மூளையை 2014-ல் மறுபடி ஆராய்ந்தபோது சி.டி.இ. தெரிந்தது.

மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் இந்த நோய்க்கு ஒரு தனி அடையாளம் உண்டு. மூளையின் மேற்பரப்பு மடிப்பு மடிப்பாக இருக்கும். அந்த மடிப்புகளின் அடிப்பள்ளத்தில், நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சுற்றி, டௌ என்ற புரதம் முறுக்கிக்கொண்டு படிந்திருக்கும். சாயமேற்றிய ஸ்லைடில் பழுப்பு நிறத்தில் தெரியும். அல்சைமரிலும் டௌ உண்டு, ஆனால் அது இப்படிப் பள்ளத்தில் குழாயைச் சுற்றி ஒட்டிக்கொண்டு தொடங்குவதில்லை. இந்தக் காட்சியைப் பார்த்தால்தான் சி.டி.இ. என்று உறுதியாகச் சொல்ல முடியும். இறந்த பிறகு மூளையை வெட்டி எடுத்தால்தான் இதைப் பார்க்க முடியும்.

அதனால் உயிரோடிருக்கும் யாருக்கும் "உங்களுக்கு சி.டி.இ." என்று உறுதியாகச் சான்று எழுத முடியாது. என்னாலும் முடியாது, உங்கள் கணவர் பார்க்கும் இணையப் பக்கத்தாலும் முடியாது. அறிகுறிகளை வைத்துச் சந்தேகிக்க 2021-ல் நிபுணர் குழு ஒன்று அளவுகோல் வகுத்தது. பல வருடம் தலையில் அடி வாங்கியிருக்க வேண்டும். நினைவாற்றலோ திட்டமிடும் திறனோ குறைந்திருக்க வேண்டும், அல்லது கோபத்தை அடக்க முடியாத நிலை இருக்க வேண்டும். அது நாளாக நாளாகக் கூடிக்கொண்டே போக வேண்டும். வேறெந்த நோயாலும் அதை முழுமையாக விளக்க முடியாமல் இருக்க வேண்டும். உங்கள் கணவருக்கு முதல் இரண்டும் இருப்பதாகவே உங்கள் கடிதம் காட்டுகிறது. மூன்றாவதைக் காலம்தான் சொல்லும். நான்காவதை யாரும் இன்னும் தேடியே பார்க்கவில்லை.

அவரைப் பயமுறுத்திய எண் எது என்று என்னால் ஊகிக்க முடிகிறது. தொழில்முறை அமெரிக்கக் கால்பந்து வீரர்கள் 111 பேரின் மூளைகளில் 110-ல் சி.டி.இ. இருந்தது என்ற 2017-ஆம் ஆண்டு ஆய்வு. எண் உண்மை. ஆனால் அந்த மூளைகளைக் கொடுத்தது குடும்பத்தார். உயிரோடிருந்தபோது அந்த மனிதர்களிடம் ஏதோ சரியில்லை என்று கண்டதால்தான் பெரும்பாலும் கொடுத்தார்கள். ஆடிய எல்லோரிலும் நூற்றுக்கு 99 பேருக்கு நோய் என்று அதைப் படிப்பது தப்பு.

ஆடிய எல்லோரையும் எடுத்துக்கொண்ட கணக்கு வேண்டுமானால் ஸ்காட்லாந்தைப் பாருங்கள். முன்னாள் தொழில்முறைக் கால்பந்து வீரர்கள் 7,676 பேரைச் சாதாரண மக்கள் 23,028 பேரோடு ஒப்பிட்ட ஆய்வு 2019-ல் வந்தது. நரம்புச் சிதைவு நோயால் இறப்பது வீரர்களிடம் சுமார் மூன்றரை மடங்கு. கேட்டால் திக்கென்றிருக்கும். அதே ஆய்வை நூற்றுக் கணக்கில் பாருங்கள்: அந்த நோய் முதன்மைக் காரணமாக இறந்தவர்கள் வீரர்களில் 1.7 சதவீதம், மற்றவர்களில் 0.5 சதவீதம். இதய நோயாலும் நுரையீரல் புற்றுநோயாலும் இறந்தது வீரர்களில்தான் குறைவு. தலையால் பந்தை அதிகம் முட்டாத கோல்கீப்பர்களுக்கு நரம்பு நோய் மற்றவர்களைவிடக் கூடவில்லை, தடுப்பாட்டக்காரர்களுக்கு மிக அதிகம் என்று 2021-ல் அதே குழு காட்டியது. ஸ்காட்லாந்தின் முன்னாள் சர்வதேச ரக்பி வீரர்களிடம் இந்த நோய்கள் இரண்டரை மடங்குக்கும் மேல் என்று 2022-ல் வந்தது. ரிஸ்க் நிஜமானது, மறைக்க ஒன்றுமில்லை. 2003-ல் உலகக் கோப்பை வென்ற இங்கிலாந்து ரக்பி அணியின் ஸ்டீவ் தாம்சன், தான் அந்தக் கோப்பையை வென்றதே நினைவில்லை என்று 2020-ல் வெளிப்படையாகச் சொன்னார். அப்போது அவருக்கு உங்கள் கணவரின் வயதுகூட ஆகவில்லை. ஆனாலும் ரிஸ்க் கூடுதல் என்பது வேறு, வந்தே விட்டது என்பது வேறு.

அவருக்கு நீங்கள் படித்துக் காட்ட வேண்டிய முடிவு இன்னொன்று. 30 வயதுக்குள் இறந்த, மோதல் ஆட்டங்கள் ஆடிய 152 பேரின் மூளைகளை ஆராய்ந்து 2023-ல் வெளியிட்டார்கள். 63 பேருக்கு சி.டி.இ. இருந்தது, பெரும்பாலும் ஆரம்பக் கட்டம். 89 பேருக்கு இல்லை. ஆனால் மனச்சோர்வு, எதிலும் நாட்டமின்மை, நடத்தையைக் கட்டுப்படுத்த முடியாமை ஆகியவை இரு கூட்டத்திலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருந்தன. மூளையில் அந்தப் பழுப்புக் கறை இல்லாதவர்களும் அதே வேதனையைப் பட்டிருக்கிறார்கள். கோபமும் மறதியும் இருக்கிறது, ஆகவே சி.டி.இ. என்ற முடிவுக்குத் தாவ முடியாது என்பதற்கு இதைவிட வேறு ஆதாரம் வேண்டியதில்லை.

ஸ்கேன் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எம்.ஆர்.ஐ. வீண் அல்ல, கட்டி, பழைய இரத்தக் கசிவு, பக்கவாதம் இல்லை என்பதை அது சொல்லிவிட்டது. டௌ படிவைக் காட்டும் பெட் ஸ்கேன்கள் இந்த நோய்க்கு இன்னும் ஆராய்ச்சி நிலையில்தான் இருக்கின்றன. அல்சைமருக்கு இப்போது இரத்தப் பரிசோதனைகள் வந்திருக்கின்றன, அவை இந்தக் கேள்விக்குப் பதில் தராது. "சி.டி.இ. டெஸ்ட்" என்று யாராவது விளம்பரம் செய்தால் பணத்தைக் கொடுக்காதீர்கள். அந்தப் பணத்தைக் கீழே சொல்லும் பரிசோதனைகளுக்குச் செலவிடுங்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் என் கண்ணில் பட்டது குறட்டை. கழுத்து தடித்த, பாரமான முன்வரிசை ஆட்டக்காரர்களுக்குத் தூக்கத்தில் மூச்சு தடைபடும் நோய் சகஜம். ஒரு மணி நேரத்தில் முப்பது முறை மூச்சு நின்று நின்று வந்தால், விடிந்ததும் தலை கனக்கும், பகலில் எதுவும் மனதில் நிற்காது, சின்ன விஷயத்துக்கும் எரிச்சல் வரும். இவை மூன்றும் உங்கள் புகார்ப் பட்டியலில் இருக்கின்றன. ஒரு ராத்திரி தூக்கப் பரிசோதனை செய்தால் தெரிந்துவிடும். நோய் உறுதியானால் தூங்கும்போது காற்றழுத்தம் தரும் கருவி பொருத்துவார்கள். முதல் சில நாள் முரண்டு பிடிப்பார், பழகிவிட்டால் விடமாட்டார்.

அடுத்தது அந்தத் தினசரி மாத்திரை. சாதாரண வலி மாத்திரையாக இருந்தாலும், மாதத்தில் 15 நாளுக்கு மேல், மூன்று மாதத்துக்கு மேல் விழுங்கினால் அதுவே தலைவலியை உண்டாக்கும். ஒரே மாத்திரையில் பல மருந்து கலந்த கூட்டு மருந்துகளுக்கு 10 நாளே போதும். அடி பட்டதால் வந்த தலைவலியா, மாத்திரையால் வந்ததா என்று இப்போது பிரிக்கவே முடியாது. மருத்துவரின் மேற்பார்வையில் அதை நிறுத்த வேண்டும். முதல் ஒன்றிரண்டு வாரம் தலைவலி கூடும். அதற்குப் பயந்துதான் பலர் பாதியில் திரும்பிவிடுகிறார்கள்.

மற்றவற்றை நேரில் பார்த்துத்தான் சொல்ல முடியும். என்னிடம் வரும் முன்னாள் ஆட்டக்காரரை உட்காரவைத்து என் விரலைக் கண்ணால் பின்தொடரச் சொல்வேன். கண் வழுக்கிக்கொண்டு வர வேண்டும். சிலருக்குத் தத்தித் தத்தி வரும். பிறகு சுவரில் உள்ள ஓர் எழுத்தைப் பார்த்தபடியே தலையை மட்டும் இடமும் வலமும் வேகமாக ஆட்டச் சொல்வேன். பத்துப் பதினைந்து விநாடியில் எழுத்து நடுங்குகிறது, வயிற்றைப் புரட்டுகிறது என்று நாற்காலியைப் பிடித்துக்கொள்வார்கள். கூட்டமான கடைக்குள் போனால் எரிச்சல் வருகிறது என்று மனைவி சொன்னதன் காரணம் சில சமயம் அங்கே வெளிப்பட்டுவிடும்: உள்காதின் சமநிலை உறுப்புக்கும் கண்ணுக்கும் இடையே ஒத்திசைவு போயிருக்கும். அதற்குப் பயிற்சி இருக்கிறது, பலருக்கு நன்றாகவே குறைகிறது. கழுத்தையும் அழுத்திப் பார்ப்பேன். ஸ்க்ரம்மில் இத்தனை வருடம் பாரம் தாங்கிய கழுத்து, தலையின் பின்பக்கமிருந்து கண் வரை வலியை அனுப்பக்கூடியது. பிசியோதெரபி பார்க்க வேண்டிய வலி அது.

மனச்சோர்வைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஆண்களுக்கு அது அழுகையாக மட்டும் வருவதில்லை, கத்தலாகவும் வரும். மனச்சோர்வே மறதியையும் கொண்டுவரும். மருந்து, பேச்சுச் சிகிச்சை இரண்டுக்கும் கட்டுப்படும். குடிப்பழக்கம் இருந்தால் ஒளிக்காமல் சொல்லுங்கள். அடிபட்ட மூளை சாராயத்தைத் தாங்காது. இரத்தப் பரிசோதனையில் தைராய்டு, பி12, சர்க்கரையோடு பிட்யூட்டரி ஹார்மோன்களையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். மூளையின் அடியில் மெல்லிய காம்பில் தொங்கும் சுரப்பி அது. திரும்பத் திரும்ப அடிபட்டவர்களில் சிலருக்கு அதன் சுரப்பு குறைந்து, டெஸ்டோஸ்டெரோன், வளர்ச்சி ஹார்மோன், கார்ட்டிசால் இறங்கியிருக்கும். சோர்வும் சலிப்புமாக இருப்பவரை யாரும் அந்தக் கோணத்தில் சந்தேகிப்பதில்லை.

இவற்றையெல்லாம் சரிசெய்த பிறகு, நினைவாற்றல், கவனம், திட்டமிடும் திறன் ஆகியவற்றை அளக்கும் நியூரோசைக்காலஜி பரிசோதனை ஒன்றை முழுமையாகச் செய்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று மணி நேரம் பிடிக்கும். ஒரு வருடம் கழித்து அதையே மறுபடி செய்து இரண்டையும் ஒப்பிட வேண்டும். மதிப்பெண் அப்படியே நின்றாலோ ஏறினாலோ, கூடிக்கொண்டே போகும் நோய் என்ற சந்தேகம் பலவீனமாகிவிடும். இறங்கியிருந்தால் மேற்கொண்டு ஆராய வேண்டும். அப்படியே அது சி.டி.இ.யாக இருந்தாலும், அதை மாற்றும் மருந்து இன்றைக்கு இல்லை. இரத்த அழுத்தம், கொழுப்பு, காது கேளாமை, உடற்பயிற்சி, தூக்கம் ஆகியவற்றைக் கவனிப்பது எந்த வகை மறதி நோயையும் தள்ளிப்போட உதவும். வேகமான நடை தினமும் வேண்டும். முக்கியமாக, இனி ஓர் அடிகூடத் தலையில் படக் கூடாது. பயிற்சி கொடுக்கும்போது பையன்களுக்கு டாக்கிளைத் தானே மோதிக் காட்டுகிறாரா? பெரும்பாலான பயிற்சியாளர்கள் காட்டுவார்கள். அதை இந்த வாரத்தோடு நிறுத்தச் சொல்லுங்கள். பயிற்சியாளர் வேலையை விட வேண்டியதில்லை. அதுதான் இப்போது அவரைப் பிடித்து நிறுத்தும் விஷயமாக இருக்கக்கூடும்.

மகன் விஷயத்தில் என் பதில் இவ்வளவு பொறுமையானது அல்ல. நாலாம் நாள் ஆடப் போனது தப்பு. போன மாத அடி என்கிறீர்கள். இப்போது தலைவலி, பாடத்தில் கவனமின்மை, தூக்கக் கோளாறு ஏதாவது இருக்கிறதா என்று ஒரு மருத்துவர் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை அவன் மோதல் பயிற்சிக்குப் போக வேண்டாம். முதல் அடியிலிருந்து மூளை தேறுமுன் இன்னொரு அடி விழுந்தால், அரிதாக, மூளை மளமளவென்று வீங்கிவிடும். இது பெரும்பாலும் சிறுவர்களுக்கும் இளைஞர்களுக்கும்தான் நடக்கிறது. 2006-ல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 13 வயது மாணவன் ஒருவன் அடிபட்ட பிறகு அதே ஆட்டத்தில் மறுபடி இறங்கினான். மூளை பெரிதும் பாதிக்கப்பட்டு, பேச்சையும் நடையையும் வருடக்கணக்கில் மீட்க வேண்டியதாயிற்று. லிஸ்டெட் என்ற அவன் பெயரிலேயே 2009-ல் சட்டம் வந்தது: சந்தேகம் எழுந்தால் அன்றைய ஆட்டத்திலிருந்து வெளியே, மருத்துவர் எழுத்தில் அனுமதித்த பிறகே உள்ளே. சில வருடங்களில் மற்ற மாநிலங்களும் இதே போன்ற சட்டங்களைக் கொண்டுவந்தன.

பிரிட்டன் 2023-ல் பொதுமக்கள் ஆடும் எல்லா ஆட்டங்களுக்கும் வெளியிட்ட வழிகாட்டியில் 21 நாட்களுக்கு முன் போட்டிக்குத் திரும்பக் கூடாது. அதற்குமுன் மோதல் பயிற்சிக்குப் போகவே 14 நாட்கள் அறிகுறியில்லாமல் இருந்திருக்க வேண்டும். அடுத்த முறை அடிபட்டால் இதைப் பின்பற்றுங்கள். இருட்டறையில் வாரக்கணக்கில் படுக்க வைக்கும் பழைய முறை வேண்டாம். முதல் ஒன்றிரண்டு நாள் ஓய்வு, போன் பார்ப்பதைக் குறைப்பது, பிறகு மெதுவான நடை. பள்ளிக்கூடம் முதலில், மைதானம் அப்புறம். திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்பினாலும் எழாத தூக்கம், வலிப்பு, கண்பாவை ஒன்று பெரிதாவது, கை கால் பலவீனம் இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே அவசரப் பிரிவு.

நிறுத்திவிடலாமா என்று கேட்டீர்கள். என் மகனாக இருந்தால் ஆட்டத்தை நிறுத்த மாட்டேன், மோதலை நிறுத்துவேன். எதிராளியை வீழ்த்தாமல் கையால் தொட்டாலே போதும் என்று ஆடும் டச் ரக்பி இருக்கிறது. ஓட்டம், பாஸ், கூட்டாளிகள் எல்லாம் அப்படியே இருக்கும். மேலே பார்த்த கணக்கில் கூடிக்கொண்டே போவது தலை வாங்கும் மொத்த விசை என்பதால், மோதலைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு வருடமும் மிச்சம்தான். இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கமே 2020-ல் 11 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களுக்குப் பயிற்சியில் தலையால் பந்தை முட்டுவதை நிறுத்தியது. 16, 17 வயதில் அவனே மோதல் ஆட்டத்துக்குத் திரும்ப விரும்பினால் அப்போது உட்கார்ந்து பேசுங்கள். இரண்டாவதாக ஒரு மூளை அதிர்வு வந்து, அதுவும் முந்தையதைவிட லேசான அடியில் வந்து, தேற அதிக நாள் பிடித்தால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. எல்லாவற்றுக்கும் முன்னால், அடிபட்டதை மறைக்காமல் சொன்னால் வீட்டில் திட்டு விழாது என்று அவனுக்குத் தெரிய வேண்டும். இதை அப்பா சொன்னால் எடுபடும்.

கணவரை எப்படி அழைத்து வருவது? சி.டி.இ. என்ற பேச்சையே எடுக்காதீர்கள். தீர்ப்பு கேட்கப் போகிறோம் என்று நினைப்பதால்தான் அவர் மறுக்கிறார். குறட்டைக்கும் தலைவலிக்கும் போகலாம் என்று சொல்லுங்கள். அது பொய்யும் அல்ல, நான் அங்கிருந்துதான் தொடங்குவேன். குறட்டையைப் போனில் பதிவு செய்துகொள்ளுங்கள், மூச்சு நின்று திணறி வரும் இடம் அதில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. சாப்பிடும் மாத்திரை அட்டைகளைப் பையில் போடுங்கள். எந்த வயதில் எந்த இடத்தில் ஆடினார் என்று ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொள்ளுங்கள். நீங்களும் உள்ளே வாருங்கள். தன் கோபத்தைப் பற்றி அவரால் முழுமையாகச் சொல்ல முடியாது, அவர் எதிரில் உங்களாலும் சொல்ல முடியாது. அதனால் வரவேற்பில் பெயர் பதியும்போதே, மருத்துவரோடு உங்களுக்குத் தனியாகப் பத்து நிமிடம் வேண்டும் என்று சொல்லி வையுங்கள்.